டிஷ்வாஷர் கோளாறு: அறிகுறியிலிருந்து பாகம் வரை

"பம்ப் போய்விட்டது" என்று சொல்லப்படும் டிஷ்வாஷர்களில் பல நேரம் பம்ப் போயிருக்காது. பம்புக்குள் ஏதாவது போயிருக்கும். அதனால் இங்கே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாமல் பார்க்கக்கூடியதை முதலிலும் காசு பிடிக்கும் பாகத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறோம். உங்கள் இயந்திரம் காட்டும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். அடுத்த பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

## கை வைக்கும் முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். முன்பக்க ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது, அதற்குப் பிறகும் உள்ளே எலக்ட்ரானிக் போர்டு வரை கரண்ட் இருக்கும். தண்ணீர்க் குழாயை மூடுங்கள். இப்போதுதான் ஓடி நின்ற இயந்திரம் என்றால் அரை மணி நேரம் ஆற விடுங்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் 70 டிகிரி வரை சூடாக இருக்கலாம்.

மல்டிமீட்டர், டார்க்ஸ் (நட்சத்திர முனை) டி15, டி20 ஸ்க்ரூடிரைவர்கள், பிளையர், டார்ச், ஸ்பாஞ்ச், இரண்டு பழைய துண்டுகள் போதும். தடித்த கையுறையை மறக்காதீர்கள். அடிப்பக்கத் தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். இந்த வேலையில் கரண்டால் அடிபடுகிறவர்களைவிடத் தகட்டில் கை கிழிபடுகிறவர்கள்தான் அதிகம்.

திரையில் பிழைக் குறியீடு இருந்தால் எழுதி வைத்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்து மறுபடி மாட்டிப் பாருங்கள். மறைந்து திரும்பி வராவிட்டால் விட்டுவிடலாம். திரும்பி வந்தால் நிஜமான கோளாறு. குறியீடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். போஷ், சீமென்ஸ் இயந்திரங்களில் ஈ24, ஈ25 இரண்டும் தண்ணீர் வெளியேறாததைச் சொல்லும். ஈ15 அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்திருப்பதைச் சொல்லும். எல்ஜியில் ஐஈ என்றால் தண்ணீர் வரவில்லை, ஓஈ என்றால் தண்ணீர் போகவில்லை. சாம்சங்கில் எல்சி என்றால் கசிவு. குறியீடு இடத்தைத்தான் காட்டும், பாகத்தைக் காட்டாது. ஓஈ வந்ததும் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் பம்பை வாங்குவது, வயிறு வலிக்கிறது என்றதும் ஆபரேஷனுக்கு நாள் பார்ப்பது போல.

## அறிகுறி 1: உயிரே இல்லை, அல்லது விளக்கு எரிகிறது, ஓடவில்லை

### விளக்கே எரியவில்லை

அதே பிளக் பாயின்ட்டில் வேறொரு சாதனத்தை மாட்டிப் பாருங்கள். அது ஓடினால் டிஷ்வாஷர் கேபிளின் இரு முனைகளையும் பாருங்கள். பிளக் முள் கறுத்திருந்தாலோ, பின்பக்கக் கனெக்டர் உருகியிருந்தாலோ கேபிளை மட்டுமல்ல, சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய சாக்கெட்டில் மாட்டினால் புதுக் கேபிளும் ஒரு வருடத்தில் அதே கதிக்கு வரும். கேபிள் நன்றாக இருந்தால் அடுத்து மெயின் ஃபில்டர் (கேபிள் நுழையும் இடத்தில் உள்ள மின் ஃபில்டர், தண்ணீர் ஃபில்டர் அல்ல), அதற்கும் அடுத்து போர்டு. போர்டு என்று தெரிந்தால் நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

### விளக்கு எரிகிறது, தொடங்கவில்லை

சைல்ட் லாக், டிலே ஸ்டார்ட் இரண்டையும் பாருங்கள். அசட்டுத்தனமாகத் தோன்றும், ஆனால் துடைக்கும்போது துணி பட்டே இந்தப் பட்டன்கள் அழுந்திவிடும். பிறகு கதவு. மூடும்போது தெளிவாக 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கீழ்க் கூடை முழுதாக உள்ளே போகாமல் கதவை முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டவில்லை என்றால் லாட்ச், அதாவது கதவுப் பூட்டு. அதற்குள் இருக்கும் மைக்ரோ ஸ்விட்சை மல்டிமீட்டரின் பீப் நிலையில் வைத்துப் பாருங்கள். லாட்சை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளும்போது பீப் மாற வேண்டும். மாறாவிட்டால் லாட்சை முழுதாகவே மாற்றுங்கள். விலை குறைந்த பாகம், இரண்டு திருகு, ஒரு கனெக்டர்.

ஒரு எச்சரிக்கை. லாட்சை எட்ட முன்கதவின் வெளித்தகட்டைக் கழற்ற வேண்டியிருந்தால், கழற்றியவுடன் கதவின் எடை குறையும். அந்த எடைக்குச் சமமாக இழுத்துக்கொண்டிருந்த ஸ்ப்ரிங் கதவை மேலே விசிறி அடிக்கும். ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டே இருக்கட்டும்.

## அறிகுறி 2: தண்ணீர் ஏறவில்லை

தொடங்கியதும் டிரெயின் பம்ப் சில நொடி ஓடும். அதன் பிறகு தண்ணீர் சீறி இறங்கும் சத்தம் கேட்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிடத்தில் மூன்று நான்கு லிட்டர் ஏறிவிடும்.

முதலில் குழாய். தண்ணீர் கொண்டுவரும் இன்லெட் ஹோஸைக் கழற்றிவிட்டு, குழாயை முழுதாகத் திறந்து வாளியில் ஒரு நிமிடம் பிடியுங்கள். பத்து லிட்டர் வந்தால் தண்ணீர் வரத்தில் குறையில்லை. ஐந்துக்கும் கீழே என்றால் இயந்திரத்தைத் திட்டிப் பயனில்லை. பெரும்பாலான டிஷ்வாஷர்களுக்குக் குறைந்தது 0.5 பார் அழுத்தம் வேண்டும், அதாவது தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட 5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நேர் மேலே மொட்டை மாடியில் தொட்டி உள்ள மேல்தள வீடுகளில் இது கிடைக்காது. அங்கே சிறிய பிரஷர் பம்ப் வைப்பதுதான் வழி, வால்வு மாற்றுவதல்ல.

அடுத்து சல்லடை. ஹோஸ் இயந்திரத்தோடு சேரும் இடத்திலோ, குழாய் முனையிலோ விரல்நுனி அளவுக்குச் சல்லடை இருக்கும். பிளையரால் மெதுவாக இழுத்தெடுத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். சுண்ணாம்பு படிந்திருந்தால் சிட்ரிக் அமிலக் கரைசலில் அரை மணி ஊற வையுங்கள்.

ஆக்வாஸ்டாப், அதாவது கசிந்தால் தண்ணீரை நிறுத்தும் பூட்டு. குழாய் முனையில் தடித்த பிளாஸ்டிக் டப்பா உள்ள ஹோஸ் என்றால், அதில் சிறிய கண்ணாடித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சிவப்பு தெரிந்தால், ஹோஸுக்குள் கசிந்து அது ஒருமுறை பூட்டிக்கொண்டுவிட்டது என்று பொருள். ஹோஸையே மாற்ற வேண்டும். சில ஹோஸ்களுக்குள் வயரும் போகும். அவற்றை வெட்டிச் சுருக்கவோ ஒட்டி நீட்டவோ கூடாது.

இன்லெட் வால்வு, தண்ணீர் வரத்தைத் திறந்து மூடும் பாகம். பிளக்கைப் பிடுங்கி, கனெக்டரைக் கழற்றி, காயிலின் இரு முனைகளில் ஓம் பாருங்கள். 230 வோல்ட் இயந்திரத்தில் சுமார் 3 முதல் 4.5 கிலோ ஓம் இருக்கும். எண்ணே வராவிட்டால் காயில் அறுந்துவிட்டது. வால்வை மாற்றுங்கள். காயில் நன்றாக இருந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் ஒன்று வால்வின் டயாஃப்ரம் ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லை போர்டிலிருந்து கரண்ட் வரவில்லை. இந்த இரண்டாவதைக் கண்டுபிடிக்க இயந்திரம் ஓடும்போதே வோல்ட் அளக்க வேண்டும். ஈரத் தரையில் அந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள்.

தண்ணீர் ஏறுகிறது, ஆனால் நிற்பதில்லை. டிரெயின் ஹோஸ் தரையில் கிடக்கிறதா பாருங்கள். அதன் வாய் தரையிலிருந்து 40 செ.மீ.க்குக் கீழே இருந்தால், ஏறும் தண்ணீர் தானாகவே உறிஞ்சப்பட்டு வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஹோஸைத் தூக்கிக் கட்டினால் தீர்ந்தது. ஒரு மீட்டருக்கு மேலேயும் தூக்க வேண்டாம், பம்ப் திணறும்.

இயந்திரம் அணைந்த பிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தால் வால்வு திறந்தபடி சிக்கிவிட்டது. குழாயை உடனே மூடுங்கள். வால்வை மாற்றும் வரை திறக்க வேண்டாம்.

## அறிகுறி 3: அடியில் தண்ணீர் நிற்கிறது

அதிகமாக வருவதும் வீட்டிலேயே அதிகமாகச் சரியாவதும் இந்தக் கோளாறுதான். ஃபில்டர் குழிக்குள் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீர் நிற்பது இயல்பு. குழியைத் தாண்டி, பாத்திரம் அடுக்கும் உள்தொட்டியின் தரையில் தண்ணீர் நின்றால்தான் கோளாறு.

நின்ற தண்ணீரை ஸ்பாஞ்சால் எடுத்துவிட்டு, உருளை ஃபில்டரை இடப்பக்கமாகத் திருப்பித் தூக்குங்கள். அதற்கடியில் தட்டையான சல்லடைத் தகடு, அதையும் எடுங்கள். குழிக்குள் வெறும் விரலை விடாதீர்கள். உடைந்த கண்ணாடித் துண்டு தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. டார்ச் அடித்து, பிளையரால் துழாவி எடுங்கள்.

குழியின் பக்கவாட்டில், பல மாடல்களில் வலப்பக்கம், ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதுதான் டிரெயின் பம்பின் மூடி. சிலவற்றில் ஒரு திருகு, சிலவற்றில் கரண்டிக் காம்பால் நெம்பினால் வந்துவிடும். மூடியை எடுத்ததும் நான்கைந்து இதழ் கொண்ட சிறு விசிறி தெரியும். இங்கே ஒரு நிமிடம் செலவழியுங்கள். ஒரு குச்சியால் விசிறியைத் திருப்பிப் பாருங்கள். நல்ல பம்பில் அது வழுக்கிக்கொண்டு சுற்றாது. உள்ளே காந்தம் பிடித்து இழுப்பதால் 'தடக், தடக்' என்று விட்டுவிட்டுத் திரும்பும். பார்ப்பவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துப் பம்பை மாற்றிவிடுகிறார்கள். கோளாறு இதற்கு நேர் எதிரானது: தடையே இல்லாமல் சுற்றினால் விசிறி காம்போடு முறிந்துவிட்டது. பக்கவாட்டில் ஆடினால் தாங்கும் இடம் தேய்ந்துவிட்டது. அசையவே இல்லை என்றால் ஏதோ சிக்கியிருக்கிறது. கண்ணாடிச் சில்லு, பல்குத்தும் குச்சி, பாட்டில் லேபிளின் சுருண்ட காகிதம், நாராகத் திரண்ட முடி, இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

மூடியைத் திரும்பப் போடும்போது 'கிளிக்' என்று உட்கார வேண்டும். மூடி சரியாக உட்காராவிட்டாலும் பம்ப் ஓடும். தண்ணீர் வெளியே போகாமல் குழிக்குள்ளேயே சுழலும், குறியீடு திரும்பவும் வரும்.

### பம்ப் சத்தம் கேட்கிறது, தண்ணீர் போகவில்லை

டிரெயின் ஹோஸைச் சிங்க் பக்கம் கழற்றி வாளிக்குள் விட்டு, டிரெயினை மட்டும் ஓட்டுங்கள். பல மாடல்களில் ஸ்டார்ட் பட்டனை மூன்று நொடி அழுத்தினால் அது நடக்கும். வாளிக்குள் வேகமாகக் கொட்டினால் அடைப்பு சிங்க்கின் சைஃபனில், அதாவது சிங்க்குக்கு அடியில் வளைந்திருக்கும் கழிவுக் குழாயில். புதிதாகப் பொருத்திய இயந்திரம் என்றால் சைஃபனில் ஹோஸ் சேரும் முனையைக் கவனியுங்கள். அந்த முனை தொழிற்சாலையிலேயே அடைக்கப்பட்டு வரும், துளைத்துத் திறக்க வேண்டும். வாளிக்குள்ளும் சொட்டுச் சொட்டாக வந்தால் ஹோஸ் மடங்கியிருக்கும், அல்லது உள்ளே கொழுப்பு உறைந்திருக்கும். இயந்திரத்தைத் தள்ளி வைத்தபோது சுவருக்கும் பின்தகட்டுக்கும் இடையே நசுங்கிய ஹோஸ் இதில் அடிக்கடி வரும்.

### போகிறது, ஐந்து நிமிடத்தில் திரும்பி வருகிறது

பம்ப் வாயில் ஒரு ரப்பர் மடல் இருக்கும். வெளியே போன தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுப்பது அது. அதில் அழுக்கு சிக்கியிருந்தால் கழுவுங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். தனியாகக் கிடைக்கும் மலிவான பாகம். திரும்பி வரும் தண்ணீரில் சிங்க் வாடை அடித்தால், ஹோஸைச் சிங்க்கின் அடித்தட்டை ஒட்டும் உயரம் வரை தூக்கி வளைத்துக் கட்டுங்கள்.

### பம்பில் சத்தமே இல்லை

கனெக்டரைக் கழற்றி ஓம் பாருங்கள். 230 வோல்ட் இயந்திரத்தில் இரண்டு முள் உள்ள பம்ப் பொதுவாக 100 முதல் 250 ஓம் காட்டும். எண் வரவில்லை என்றால் பம்ப் போய்விட்டது. மூன்று முள் உள்ள புது ரகப் பம்ப் என்றால் எந்த இரண்டு முள்ளுக்கிடையே அளந்தாலும் ஒரே எண் வர வேண்டும்.

மாற்றுவது எளிது. இயந்திரத்தை வெளியே இழுத்து, மிச்சத் தண்ணீரை எடுத்து, பக்கத் தகட்டைத் திறந்தாலோ பின்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தாலோ பம்ப் கைக்கு எட்டும். ஒரு பூட்டு நாக்கை அழுத்திக்கொண்டு கால் சுற்றுத் திருப்பினால் கழன்றுவிடும். துண்டு தயாராக இருக்கட்டும், ஒரு டம்ளர் தண்ணீர் எப்படியும் கொட்டும். பழைய ஓ-ரிங்கைக் குழிக்குள்ளேயே விட்டுவிட்டுப் புதுப் பம்பை மேலே திணிப்பது வழக்கமான தவறு. இரண்டு ரிங் இருந்தால் கசியும். புது ரிங்கில் சோப்புத் தண்ணீரோ சிலிக்கோன் கிரீஸோ தடவுங்கள். எண்ணெயும் வாசலினும் ரப்பரை உப்பிப்போக வைக்கும்.

ஓம் சரியாக இருந்தும் பம்ப் ஓடவில்லை என்றால் வயரோ போர்டோ. பழைய பம்பில் தண்ணீர் கசிந்து முள் பச்சையாகப் பூத்திருந்தால், அது போர்டையும் கெடுத்திருக்கும். இந்த நிலையில் ஆளைக் கூப்பிடுவதுதான் சிக்கனம்.

## அறிகுறி 4: கசிவு, அல்லது டிரெயின் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது

பம்ப் நிற்காமல் ஓடுகிறது, வேறு எதுவும் நடக்கவில்லை என்றால் இயந்திரத்துக்கு அடியிலுள்ள தட்டில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அந்தத் தட்டில் தெர்மோகோல் மிதவை ஒன்று இருக்கும். தண்ணீர் அதைத் தூக்கியதும் ஒரு மைக்ரோ ஸ்விட்ச் அழுந்தி, தண்ணீர் வரத்தை நிறுத்திவிட்டு டிரெயினை ஓட்டும்.

இயந்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினால் சரியாகிவிடும் என்று எங்கும் சொல்வார்கள். சரியாகத்தான் தெரியும், தட்டு திரும்ப நிறையும் வரை. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் சாய்ப்பதில் பயனில்லை. போர்டு அடிப்பக்கம் உள்ள மாடல்களில் சாய்க்கும்போது அது நனையவும் கூடும். முன்பக்கக் கால்தகட்டைக் கழற்றித் தட்டின் தண்ணீரை ஸ்பாஞ்சால் உறிஞ்சுங்கள். காய்ந்ததும் தட்டு முழுக்க டிஷ்யூ பேப்பரைப் பரப்பிக் குறுகிய புரோகிராம் ஒன்றை ஓட்டுங்கள். ஓடும்போது கையை உள்ளே விடாமல் டார்ச் மட்டும் அடித்துப் பாருங்கள். எந்தப் பேப்பர் முதலில் நனைகிறதோ, கசிவு அதற்கு மேலே. தண்ணீர் ஏறும்போதே நனைந்தால் இன்லெட் பக்கம். பாத்திரம் கழுவும்போது நனைந்தால் கழுவும் தண்ணீரைச் சுழற்றும் சர்க்குலேஷன் பம்போ கதவோ. கடைசியில் நனைந்தால் டிரெயின் பக்கம்.

நுரை. கையால் கழுவும் லிக்விட் சோப் ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே போதும், நுரை கதவிடுக்கில் பொங்கி வெளியே வரும். பாகம் எதுவும் கெடவில்லை. நுரையை அள்ளி எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் ரின்ஸ் மட்டும் இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். முன்கழுவிய பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் சோப்பும் இதைச் செய்யும்.

லெவல். இயந்திரம் முன்பக்கம் சாய்ந்திருந்தால் கதவின் கீழ்மூலையில் சொட்டும். ரசமட்டம் வைத்துக் கால்களைத் திருகிச் சரிசெய்யுங்கள்.

கதவு கேஸ்கெட். மூன்று பக்கமும் ஓடும் பெரிய ரப்பர், கதவின் அடியில் தனியாக ஒரு பட்டை, இரண்டும் வேறு வேறு பாகம். கீழே சொட்டினால் அடிப்பட்டையை முதலில் பாருங்கள், பெரியதை வாங்கிவிடாதீர்கள். கேஸ்கெட்டின் மடிப்புக்குள் துணி விட்டுத் துடையுங்கள், பாதிக் கசிவு அங்கே படிந்த கொழுப்பால்தான். கிழிந்தோ விறைத்தோ இருந்தால் புதியதை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு இளக்கி, மேல் நடுவில் தொடங்கி இரு பக்கமும் அழுத்திக்கொண்டே கீழே வாருங்கள். இழுத்துப் பொருத்தினால் மூலையில் குறைந்துபோகும். முதல் நாள் கதவு மூட விறைப்பாக இருப்பது இயல்பு.

ஹோஸ் கிளாம்ப், பம்ப் ரப்பர். உள்ளே குழாய் சேரும் ஒவ்வோரிடத்திலும் வெள்ளையாகக் காய்ந்த கோடு இருக்கிறதா பாருங்கள். சோப்புத் தண்ணீர் வழிந்து காய்ந்த தடம் அது, கசிவை அப்படியே காட்டிக்கொடுக்கும்.

சர்க்குலேஷன் பம்பின் சீல். பம்ப் உடம்புக்கும் மோட்டாருக்கும் இடையிலிருந்து சொட்டினால் சீல் போய்விட்டது. பெரும்பாலான புது மாடல்களில் பம்பை முழுதாகத்தான் மாற்ற வேண்டும், விலையும் அதிகம். ஸ்டீல் தொட்டியே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் அதற்கு வைத்தியம் கிடையாது. எந்தப் பசையும் அந்தச் சூட்டில் நிற்காது.

## அறிகுறி 5: பாத்திரம் சுத்தமாகவில்லை

ஃபில்டரைக் கழுவுங்கள். அதிலேயே தீராவிட்டால் ஸ்ப்ரே ஆர்ம், அதாவது சுழன்று தண்ணீரைப் பீய்ச்சும் கை.

கூடையில் பாத்திரம் அடுக்கியபின் மேலும் கீழும் உள்ள கைகளை விரலால் சுழற்றுங்கள். தட்டின் விளிம்போ நீண்ட கரண்டியோ தடுக்கக் கூடாது. பிறகு கழற்றி, காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே கலகலத்தால் விதையோ கண்ணாடியோ சிக்கியிருக்கிறது. துளைகளைப் பல்குத்தும் குச்சியால் குத்துங்கள், ஊசியால் குத்தித் துளையைப் பெரிதாக்க வேண்டாம். குத்தியதை உள்ளே தள்ளிவிட்டு விட்டால் அது அடுத்த துளையை அடைக்கும். குழாயடியில் காட்டிப் பின்னோக்கி அலசுங்கள்.

ஓடும்போது கைகள் சுழல்கின்றனவா என்று அறிய, தொடங்கும் முன் கீழ்க் கையைக் கதவுக்கு நேராக வையுங்கள். கழுவும் சத்தம் வந்த பிறகு கதவைச் சட்டென்று திறந்து பாருங்கள். இரண்டு மூன்று முறை பார்த்தும் அதே இடத்திலேயே இருந்தால் சுழலவில்லை.

மேல் கூடை மட்டும் அழுக்கு. கூடையின் பின்பக்கக் குழாய் முனை, தொட்டியின் பின்சுவரிலுள்ள வாயோடு சேர்கிறதா பாருங்கள். கூடையின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் சேராது.

இரண்டு கூடையும் அழுக்கு, கைகள் சுத்தம், தண்ணீரும் சூடு. சர்க்குலேஷன் பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். பல வாரம் ஓட்டாமல் வைத்திருந்தால் பம்ப் இறுகி, முனகல் மட்டும் வரும். குழிக்குள்ளிருந்து பம்பின் சக்கரம் கைக்கு எட்டும் மாடல் என்றால் நாலைந்து சுற்று சுற்றிவிட்டால் ஓடும். அப்படியும் ஓடாவிட்டால் ஆள் வேண்டும்.

சோப்பு மாத்திரை கரையாமல் கிடக்கிறது. மாத்திரை போடும் டிஸ்பென்சரின் மூடிக்கு முன்னால் பெரிய தட்டு நின்றிருக்கும், அல்லது ஈரக் கையால் போட்ட மாத்திரை ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் இல்லை என்றால் மூடியின் ரப்பரை வெந்நீரில் துடையுங்கள். மூடி கையால் எளிதில் திறந்து, ஓடும்போது மட்டும் திறக்கவில்லை என்றால் டிஸ்பென்சரை மாற்ற வேண்டும்.

## அறிகுறி 6: வெள்ளைப் படலம், மணல் போன்ற துகள்

ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து வினிகரில் நனைத்த துணியால் துடையுங்கள். படலம் போய்விட்டால் சுண்ணாம்பு. போகவில்லை என்றால் கண்ணாடியே அரித்துவிட்டது, திரும்பாது. இனி வாங்கும் கண்ணாடிக்காவது சூட்டையும் சோப்பையும் குறையுங்கள்.

சுண்ணாம்பு என்றால், தண்ணீரை மென்மையாக்க உப்பு போடும் தொட்டியைப் பாருங்கள். நிறைந்திருந்தால் தண்ணீர்க் கடினத்தன்மை அமைப்பைப் பாருங்கள். சோதனை முடிவு பிபிஎம் கணக்கில் இருந்து இயந்திரம் டிஎச் (ஜெர்மன் டிகிரி) கணக்கில் கேட்டால் 17.8 ஆல் வகுங்கள்; 300 பிபிஎம் என்பது கிட்டத்தட்ட 17 டிஎச். சமையல் உப்பைப் போடாதீர்கள். அதன் பொடி இறுகிப்போய், தண்ணீரை மென்மையாக்கும் ரெசினை அடைக்கும். உப்பு போட்டவுடன் ஒரு புரோகிராம் ஓட்டிவிடுங்கள். சிந்திய உப்பு இரவு முழுக்கக் கிடந்தால் ஸ்டீலே துருப்பிடிக்கும். பாத்திரத்தை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கிறதா? உப்புத் தொட்டி மூடி சரியாக இறுகவில்லை, அதன் ரப்பரை மாற்றுங்கள்.

படிந்த சுண்ணாம்பைப் போக்க, காலி இயந்திரத்தில் 100 முதல் 150 கிராம் சிட்ரிக் அமிலத்தை உள்தொட்டியின் தரையில் தூவி, சோப்பில்லாமல் சூடான புரோகிராம் ஒன்று ஓட்டுங்கள். மணல் போன்ற துகளுக்குக் காரணம் பெரும்பாலும் சரியாக உட்காராத ஃபில்டர்தான்.

## அறிகுறி 7: சூடாகவில்லை, காயவில்லை, நேரம் நகரவில்லை

பிளாஸ்டிக் மட்டும் ஈரமாக இருந்தால் கோளாறல்ல, அது சூட்டைத் தேக்கி வைக்காது. கண்ணாடியும் பீங்கானும் ஈரமாக இருந்தால் ரின்ஸ் எய்டை (கடைசி அலசலில் சேரும் திரவம்) நிரப்பி அளவை ஒரு படி கூட்டுங்கள். குறுகிய புரோகிராம்கள் பலவற்றில் உலர்த்தும் கட்டமே இல்லை.

ஹீட்டர் வேலை செய்கிறதா என்று எதையும் கழற்றாமல் தெரிந்துகொள்ள வாட் மீட்டர் பிளக் போதும். கழுவும்போது நூறு வாட்டுக்குள் காட்டுவது, சூடாக்கத் தொடங்கியதும் 1,800 முதல் 2,200 வரை ஏற வேண்டும். அரை மணி ஆகியும் ஏறாவிட்டால் சூடாகவில்லை. திரையில் கடைசி ஒரு நிமிடம் மணிக்கணக்கில் நிற்பதும் இதனால் வரும். கேட்ட சூடு வரும் வரை போர்டு காத்துக்கொண்டே இருக்கும்.

வயரைக் கழற்றி ஹீட்டரை அளந்தால் 230 வோல்ட், 2,000 வாட்டுக்கு 26 ஓம் பக்கம் வர வேண்டும். வராவிட்டால் ஹீட்டர். வந்தால் சூட்டு சென்சார். அதன் முனைகளில் மீட்டரை வைத்துக் கையால் பொத்திப் பிடியுங்கள். ஓம் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் நல்ல சென்சார், அசையாமல் நின்றால் கெட்டது. இரண்டும் சரி என்றால் போர்டில் ஹீட்டருக்கான ரிலேயின் சோல்டர் கருகியிருக்க வாய்ப்பு அதிகம். போர்டு பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள், புதுப் போர்டு வாங்குவதைவிட அது மலிவு. பல புது மாடல்களில் ஹீட்டர் சர்க்குலேஷன் பம்போடு ஒட்டியே வரும், தனியாகக் கிடைக்காது.

## அறிகுறி 8: கரண்ட் டிரிப் ஆகிறது

எப்போது டிரிப் ஆகிறது என்பதே பாதி விடை. பிளக் மாட்டியவுடன் என்றால் கேபிள் அல்லது மெயின் ஃபில்டர். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியபின், சூடாக்கும் நேரத்தில் என்றால் ஹீட்டர். தண்ணீர் வெளியேறும்போது மட்டும் என்றால் டிரெயின் பம்ப். ஹீட்டரின் ஓம் சரியாக இருந்தாலும் பூமிக்குக் கசியலாம், அதைச் சாதாரண மல்டிமீட்டர் காட்டாது. 500 வோல்ட் மெகர் (மின்கசிவு அளக்கும் கருவி) வைத்திருப்பவர் வந்துதான் பார்க்க வேண்டும். எர்த் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் டிரிப் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டிரிப்புக்குப் பதில் கதவைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும்.

## அறிகுறி 9: சத்தம்

சீரான இடைவெளியில் 'டொக் டொக்': ஸ்ப்ரே ஆர்ம் பாத்திரத்தில் இடிக்கிறது. கரகரப்பு: பம்பில் கண்ணாடி. தண்ணீர் நிற்கும் கணத்தில் சுவர் அதிர ஒரு 'டம்': குழாய் அழுத்தம் அதிகம், குழாயைக் கொஞ்சம் மூடி வையுங்கள். நாளாக நாளாக உயரும் ஊளை: சர்க்குலேஷன் பம்பின் பேரிங், மாற்றக் காசு சேர்க்கத் தொடங்கலாம்.

## அறிகுறி 10: கதவு தடாலென்று விழுகிறது

ஸ்ப்ரிங்கோடு சேர்ந்த கயிறு அறுந்திருக்கும். ஒரு பக்கம்தான் அறுந்தது என்றாலும் இரண்டையும் மாற்றுங்கள், மற்றதும் அதே வயதுதான்.

## பாகம் வாங்கும்போது

கதவின் விளிம்பில் ஒட்டியுள்ள தகட்டை ஃபோட்டோ எடுங்கள். மாடல் எண்ணின் கடைசியில் சாய்கோட்டுக்குப் பின் வரும் இரண்டு இலக்கம் வரை முழுதாகச் சொல்லுங்கள். ஒரே மாடலில் அந்த இலக்கம் மாறினால் பம்பும் மாறலாம். பழைய பாகத்தின் மேல் அச்சடித்த எண்ணையும், முள்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள். டிரெயின் பம்ப், கூடைச் சக்கரம், ஃபில்டர் இவற்றை வேறு தயாரிப்பாளரின் பாகமாக வாங்கினாலும் ஓடும். கேஸ்கெட்டும் இன்லெட் வால்வும் அசலாகவே இருக்கட்டும், இரண்டுமே தவறினால் வீடு நனையும். பத்து வருடம் ஓடிய இயந்திரத்துக்குச் சர்க்குலேஷன் பம்பும் கூலியும் சேர்ந்து புது இயந்திரத்தின் விலையில் பாதியைத் தொட்டால் பம்பை மாற்ற வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

மாற்றி முடித்தவுடன் கால்தகட்டைப் போட்டுவிடாதீர்கள். தட்டில் புது டிஷ்யூ பேப்பரை விரித்துவிட்டு மூன்று முறை ஓட்டுங்கள், அதில் ஒன்றாவது மிகச் சூடான புரோகிராமாக இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீரில் கசியாத ரப்பர் 70 டிகிரியில் கசியும். மூன்றாவது முறைக்குப் பிறகும் பேப்பர் காய்ந்தே இருந்தால் தகட்டைத் திருகலாம்.